இருநூறு தோட்டாவும் ஒரு சந்தனப் பொட்டும்

1997

செப்டம்பர் 6, சனி

காலை முழுவதும் இங்கே டெக்சஸ் மீனாட்சி கோயில் பார்க்கிங் லாட்டில் ஓவியாவுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தோம். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "மிரர், மிரர்" என்று ஜெபம் பண்ணுகிறார். அவள் "ஐ கேன் ஸீ, அப்பா" என்கிறாள். நான் பின்சீட்டில் கோயில் புளியோதரையோடு நிம்மதியாக இருந்தேன். மூன்று வண்டிக்கு இடமிருக்கிற ஒரு கட்டத்தில் நாலு முறை முயன்று கோணலாக நிறுத்தினாள். கைதட்டினோம்.

திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு போர்டு: கன் ஷோ, இன்றும் நாளையும். "நிறுத்துங்க" என்றேன். பாத்ரூம் போகத்தான் என்று நினைத்து அவரும் நிறுத்தினார்.

உள்ளே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குக் கொட்டகை. கத்தி, தொப்பி, காய்ந்த மாட்டிறைச்சிப் பொட்டலம், மேஜை மேஜையாகத் துப்பாக்கி. ஒரு மூலையில் மரப்பெட்டிக்குள் பழைய ராணுவ ரைபிள்கள், ஒவ்வொன்றின் மேலும் பஞ்சாமிர்தம் மாதிரி பழுப்பு கிரீஸ். ஒன்றைக் கட்டைவிரலால் வழித்தேன். சிங்கம். நம் அசோகச் சிங்கம், ஐந்து ரூபாய் நோட்டில் இருப்பது, டெக்சஸ் பொட்டலில் என்னைப் பார்த்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிற்கவில்லை.

"உங்களுக்கு இந்த ரைபிள் தெரியுமா?" என்று கடைக்காரர் கேட்டார். தெரியுமாவா. கோயம்புத்தூர், 1975, என்.சி.சி. மதுக்கரை ரேஞ்சில் பையன்கள் படுத்துக்கொண்டு இந்தத் த்ரீ-நாட்-த்ரீயைச் சுடுவார்கள். பெண்களுக்கு சின்ன .22 மட்டும்தான். பையன்கள் சுட்டு முடித்ததும் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுப்பது எங்கள் வேலை. ஒன்று குறைந்தாலும் யாரும் ரேஞ்சை விட்டுப் போக முடியாது. சுபேதாரிடம் போய், ஒரே ஒரு ரவுண்டு நானும் சுடுகிறேன் சார் என்று கேட்டேன். "தோள் கழண்டா உன்னை யாரு கட்டுவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை எரிச்சல்.

கடைக்காரர் தோட்டாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். "ஐ நோ, ஐ நோ, ஐ வாஸ் இன் த என்.சி.சி." என்றேன். படிவம் நிரப்பினேன். வாங்கிவிட்டேன்.

நாற்பத்தொரு வயதில் புத்தி இப்படிப் போகிறதா? போகட்டும்.


செப்டம்பர் 7, ஞாயிறு

அவர் நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று மதியம் சாம்பார் ஊற்றும்போது பேசினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. டெக்சஸ் சிட்டியில் ஒரு ரிஃபைனரியில் பாதுகாப்பு என்ஜினியர். எது வெடிக்கும், எப்போது வெடிக்கும், வெடித்தால் யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று யோசிக்கத்தான் சம்பளம். வீட்டில் பிரஷர் குக்கருக்கே ஒரு லாக் புத்தகம் வைத்திருக்கிறார், காஸ்கெட் மாற்றிய தேதியும் "குமாரசாமி" என்ற கையெழுத்துமாக.

"ஏம் பவளம், இது வெளையாட்டுச் சாமானா?"

"ஏனுங்க, ஒரே ஒரு தடவை. அப்பறம் செவுத்துல மாட்டிக்கலாமுங்க."

யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். ஒன்று: துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. இரண்டு: சுட்டால் ரேஞ்சில்தான், வேறெங்கும் இல்லை. மூன்று: சுடாமல் கொண்டுவந்தால் அக்டோபர் பத்து மாலை ஆறு மணி வரை திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரு சின்னத் தப்பு கண்ணில் பட்டாலும் அது அவர் கடைக்கே போகும்.

ஒப்புக்கொண்டேன். தப்பு எங்கிருந்து வரும்? எனக்குத் தெரியாத துப்பாக்கியா?


செப்டம்பர் 9, செவ்வாய்

தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். நைட்டியோடு கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறேன்.


செப்டம்பர் 13, சனி

தோட்டா வாங்கியாயிற்று. த்ரீ-நாட்-த்ரீ, இருநூறு. பழைய ராணுவச் சரக்கு, பழுப்புக் காகிதப் பொட்டலம், அழகு. கடைப் பையன் "எந்த ரைபிளுக்கு, மேடம்?" என்றான். அவனுக்கு ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். பாவம், கேட்டுக்கொண்டான்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். அடியில் அந்த விளிம்பு, தட்டு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் உள்ளங்கை அதை மறக்கவில்லை. காலியானதை மட்டுமே எண்ணிய கை. நிரம்பியது இவ்வளவு கனமா?

அவர் தோட்டாவை கராஜ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். துப்பாக்கி படுக்கையறைத் துணி அலமாரியில். நடுவே வீடு முழுவதும் இருக்கிறது.


செப்டம்பர் 17, புதன்

ஆபீஸில் அலுப்பு. ஆஸ்பத்திரி ப்ரோக்ராம் முழுவதும் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான். 2000 வந்தால் கிழவர்களெல்லாம் பச்சைக் குழந்தையாகிவிடுவார்கள். எழுபதுகளில் எவனோ "இது இப்படித்தானே" என்று நினைத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன். எழுதியவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.


செப்டம்பர் 28, ஞாயிறு

பெயர் கொடுத்துவிட்டேன். ஆல்வின் பக்கம் உள்ள ரேஞ்சில் பழைய ராணுவ ரைபிள்களுக்கு மட்டும் ஒரு போட்டி. நூறு கஜம், இருபது ரவுண்டு. அக்டோபர் 11, சனிக்கிழமை. காலண்டரைப் பார்த்தால் அன்றைக்கு விஜயதசமி. முதல் நாள் ஆயுத பூஜை. நானே திட்டம் போட்டிருந்தாலும் இப்படி அமைந்திருக்காது.

போனில் பேசிய பெண் "ஃபர்ஸ்ட் டைம்?" என்றாள். ஆமாம் என்று சொல்லும்போது எனக்குக் குரல் கீச்சென்று ஆகிவிட்டது.

ஓவியாவிடம் சொன்னேன். "தட்ஸ் சோ வியர்ட், அம்மா." ஐந்து நிமிஷம் கழித்து வந்து, "கேன் ஐ கம்?" என்றாள்.


அக்டோபர் 4, சனி

கலாவதி வந்திருந்தாள், கொலுவுக்கு அழைக்க. இந்தத் தெருவில் எங்களைத் தவிர இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம், மயிலாப்பூர்க்காரி. நான் டைனிங் டேபிளில் பேப்பர் விரித்துத் துப்பாக்கிக் குழலுக்குள் துணி விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். கதவை ஓவியா திறந்துவிட்டாள்.

கலா குங்குமச் சிமிழைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். "பவளம், மானெல்லாம் சுடப்போறியா?"

"இல்ல கலா. காகிதம் மட்டும்."

"காகிதம்னா?"

"வட்டம் வரைஞ்ச காகிதம்."

சிமிழைத் திறந்தாள். "அப்போ அது சைவம்தானே" என்று சொல்லிவிட்டு, எனக்கு நெற்றியில் வைத்து, தாம்பூலம் கொடுத்து, போகும்போது மெதுவாக "தூக்கிப் பாக்கலாமா?" என்றாள். தூக்கினாள். "அம்மாடி, என் பேரனை விட கனம்." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

உள்ளே மட்டும்தான் துடைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் எப்படியும் ஆயுத பூஜைக்குத் துடைக்கத்தானே போகிறோம், ஒரே வேலையை இரண்டு தடவை எதற்கு?


அக்டோபர் 5, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்குச் சாமான் துடைக்கும் நாள். எங்கள் வழக்கப்படி ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுவோம். அவர் ஸ்பானர் செட்டை வரிசையாக அடுக்கினார். ஓவியா கால்குலேட்டரைத் துடைத்தாள். நான் தையல் மெஷின், அரிவாள்மனை, கம்ப்யூட்டர் கீபோர்டு எல்லாம் முடித்து, கடைசியாக இவளை, என் துப்பாக்கியை, மடியில் எடுத்து வைத்தேன். மண்ணெண்ணெய் தொட்ட துணி. கிரீஸ் வழிய வழிய உள்ளே கறுப்புப் பெயின்ட். சிங்கம் முழுதாகத் தெரிந்தது. அதற்குக் கீழே தேய்த்தேன். எழுத்து. ரைபிள் என்று முதலில். அப்புறம் எண்.

7.62.

இன்னொரு தடவை தேய்த்தேன். தேய்த்தால் எண் மாறிவிடுமா? 7.62 தான். வருஷம் 1966.

அதாவது இது த்ரீ-நாட்-த்ரீயே இல்லை. அச்சாக அதே உடம்பு, அதே மூக்கு, ஆனால் பிற்பாடு வேறு தோட்டாவுக்காகச் செய்தது. அடியில் தோட்டா அடுக்குகிற மேகசின் கொஞ்சம் சதுரமாக இருக்கிறதே என்று முதல் நாளே தோன்றியது. என் ஞாபகம்தான் மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். துப்பாக்கியைச் சந்தேகப்படாமல் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டேன் — இல்லை, இரண்டையுமே சந்தேகப்படவில்லை. ஐ நோ, ஐ நோ. அந்தக் கடைக்காரர் என்னவோ சொல்லத்தானே வந்தார். வாயைத் திறக்க விட்டேனா மனுசனை. கடைப் பையனுக்கு வேறு வகுப்பு.

கராஜில் இருநூறு தோட்டா. ஒன்றுகூட இதற்கு ஆகாது. மாற்றிப் போட்டுச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

நாள் முழுக்க அடுத்தவன் பண்ணின தப்பைத் திருத்தறேன், என் தப்பு என் மடியிலயே ஒரு மாசமா உக்காந்திருக்கு.

எண் இருந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸை மறுபடி பூசி வைத்தேன். எதற்குப் பூசினேன்?


அக்டோபர் 6, திங்கள்

சொல்லவில்லை.

சொன்னால் மூன்றாம் நிபந்தனை. ஒரு சின்னத் தப்பு என்றார், இது சின்னதே இல்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் இவள் கடைக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை நான் மறுபடி ஓரமாக நின்று, யாரோ சுட்டதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வரலாம்.

சொல்லாவிட்டால்? மதிய இடைவேளையில் போய்ச் சரியான தோட்டா வாங்கிவிடலாம். பழையதை எங்காவது கொடுத்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. சுலபம். சுலபமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

அவர் அரைமணி நேரமாக போட்டி நாளுக்கான பட்டியல் எழுதுகிறார். எட்டாவது வரி: "பவளம் சுடும்போது நான் வலப்பக்கம், இரண்டடி பின்னால்." ரேஞ்சில் அப்படி நிற்க விடுவார்களா என்று போன் செய்து வேறு கேட்டிருக்கிறார். விடுவார்களாம்.

இரண்டடி.


அக்டோபர் 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காபி ஆற்றிக்கொண்டிருந்தார். துப்பாக்கியைக் கொண்டுவந்து டேபிளில் வைத்து, கிரீஸை வழித்து, "படிங்க" என்றேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். எழுந்து கராஜுக்குப் போனார். தோட்டாவை எடுத்துவரவில்லை, ஒரே அறையில் இருக்கக்கூடாதே. பொட்டலத்தின் மேல் எழுதியிருந்ததை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம."

"இன்னைக்குச் செவ்வாய்."

"ஆமாங்க. நேத்து மறைச்சுட்டேன். திருப்பிக் குடுத்துருவீங்கன்னு மறைச்சேன். குடுத்துருங்க, பரவால்ல. நீங்க ரெண்டடில நிக்கறதா எழுதீருக்கீங்க, அதப் பாத்ததும் எனக்குத் தூக்கமே வர்ல."

அழுதுவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு துப்பாக்கிக்காக.

அவர் அழ விட்டார். அப்புறம் எழுந்து, தன் ஆபீஸ் பையைத் திறந்து, ஒரு ஃபார்ம் எடுத்தார். ரிஃபைனரி ஃபார்ம். விபத்து நடக்காமல் தப்பித்தால் கண்டுபிடித்தவர் நிரப்ப வேண்டியது. "மொதல்ல இத நெரப்பு அம்மிணி."

நிரப்பினேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. என்ன நடந்தது. என்ன நடந்திருக்கலாம். யார் கவனித்தது. மூல காரணம் என்ற கட்டத்தில் "தலைக்கனம்" என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, அதை அடித்து, "முத்திரையைச் சரிபார்க்கவில்லை" என்று திருத்தினார். "காரணத்துல ஆளப் பத்தி எழுதக்கூடாது. அது எங்க ரூல்."

"அப்ப திருப்பிக் குடுக்கறதா?"

"துப்பாக்கி மேல தப்பே இல்லியே" என்றார். "வெள்ளிக்கெழம ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. தெரிஞ்சவங்களக் கேப்போம்."


அக்டோபர் 8, புதன்

மாலை அவர் ஒரு மக் கொண்டுவந்தார். ரிஃபைனரியில் விபத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பவர்களுக்குக் கொடுப்பதாம். வெள்ளை மக், பச்சை எழுத்து. "கணக்குல எழுதித்தான் எடுத்துட்டு வந்தேன்" என்கிறார். யார் பெயரில் எழுதினார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

அதில்தான் இப்போது காபி குடிக்கிறேன். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் இவர் கொடுத்ததிலேயே இதுதான் அழகு. அட்டிகையும் உண்டு, ஆனால் அதை மாமியார் தேர்ந்தெடுத்தார்.


அக்டோபர் 9, வியாழன்

டானாவைப் பார்த்தோம். ஆல்வினில் துப்பாக்கி ரிப்பேர் கடை. முப்பது வயதிருக்கும், கையெல்லாம் எண்ணெய், காதில் மஞ்சள் பென்சில். அன்று என்னிடம் போனில் பேசியது இவள்தான். சனிக்கிழமைப் போட்டியை நடத்துவதும் இவள்தான்.

கதையைச் சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். டானா சிரிக்கவில்லை. "வாரத்துக்கு ஒருத்தர் வருவார். யாரும் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டு வருவதில்லை" என்றாள். த்ரீ-நாட்-த்ரீ இதற்குள் முழுதாகப் போயிருக்காதாம், நீளம் அதிகம், அடி விளிம்பும் இடிக்கும். "ஆனால் போகவில்லை என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? உள்ளங்கையால் அடிப்பார்கள்." நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். அடித்துத்தான் இருப்பேன். கல் மாதிரி இறுகின ஊறுகாய் பாட்டிலை அப்படித்தான் திறக்கிறேன்.

இதையே தலைகீழாகச் செய்தாலும் ஆகாது என்றாள். நிஜமான த்ரீ-நாட்-த்ரீ துப்பாக்கிக்குள் இந்தத் தோட்டா பாதியில் சிக்கிவிடும், இது குட்டை, ஆனால் தடிமன், அங்கேயும் யாராவது உள்ளங்கையால் அடிப்பார்கள்.

அப்புறம் அவள் சொன்ன முறை. மூன்று இடத்தில் கேட்க வேண்டும். உடம்பில் அடித்த முத்திரை. குழலில், இறக்குமதி செய்தவர் பொடி எழுத்தில் அடித்த முத்திரை. மூன்றாவது, கடையில் வைத்து கேஜ் போட்டு உள்ளே அளப்பது. மூன்றும் ஒரே பதில் சொன்னால்தான் நம்ப வேண்டும். எத்தனையோ கை மாறி வந்த பழைய துப்பாக்கி, நடுவே யார் என்ன மாற்றினார்கள் என்று முத்திரைக்குத் தெரியாது.

முத்திரை ஒன்று: 7.62. முத்திரை இரண்டு: பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, 7.62. பிறகு பட்டறைக்குள் போய் பளபளவென்று குட்டிக் குட்டி உருளைகளை வைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். எனக்குப் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பது போல் இருந்தது. "ஷீ பாஸஸ்" என்றாள்.

தோட்டாவுக்கும் ஒரு எச்சரிக்கை. அதே அளவில் வேட்டைத் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்கும், இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், கேட்காதே. இது ராணுவத் தோட்டாவுக்காகச் செய்த துப்பாக்கி, பெட்டியில் அதுவே எழுதியிருக்க வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். டானா அவருடைய பட்டியலை வாங்கிப் படித்து, "திஸ் இஸ் பியூட்டிஃபுல்" என்றாள். பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும் எது எப்படி வெடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண் பார்க்கும் படலத்தில்கூட அவர் இவ்வளவு பேசவில்லை. எனக்கு லேசாகப் பொறாமை, நிறைய சந்தோஷம்.


அக்டோபர் 10, வெள்ளி. ஆயுத பூஜை

மதியமே லீவு போட்டு, தோட்டா வாங்கிவந்தார். கடையில் பெட்டி பெட்டியாக வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்ததைப் படித்தாராம். பின்னால் நின்றவர் "ஏதாவது பிரச்சனையா, ஸர்?" என்றாராம். "நோ ப்ராப்ளம். தட் இஸ் த பாயின்ட்" என்று சொன்னதாகப் பெருமையாகச் சொல்கிறார்.

பூஜை ஹாலில். தையல் மெஷின், ஸ்பானர், அரிவாள்மனை, கீபோர்டு, கார் சாவிகள், ஓவியாவின் லைசென்ஸ் பாடப் புத்தகம், நடுவில் இவள். பொரி, கடலை, வெல்லம். முதல் நிபந்தனைப்படி தோட்டா உள்ளே வரக்கூடாது என்பதால் கராஜ் கதவைத் திறந்து அங்கிருந்தே கற்பூரம் காட்டினார். சாமி இதையெல்லாம் புரிந்துகொள்ளும்.

சந்தனம் நான்தான் வைத்தேன். துப்பாக்கியில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. பிறகு கராஜுக்குப் போய்ப் புதுப் பெட்டிகளில் ஒவ்வொரு பொட்டு. பழைய இருநூறுக்கு வைக்கவில்லை. அவை தனி அலமாரியில், அவர் கையெழுத்தில் "பொருந்தாது" என்ற சீட்டோடு, தீட்டுக்காரர் மாதிரி ஒதுங்கி இருந்தன. வாங்கின கடையில் தோட்டாவைத் திருப்பி எடுப்பதில்லை.

மணி அடித்துத் தீபாராதனை முடித்து நிமிர்ந்தால், அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆறு மணி ஐந்து நிமிஷம்.

"கட மூடியிருப்பான்" என்றேன்.

"ம்" என்றார். பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு யாரும் தொடக்கூடாது. பூஜைல வெச்சது."

நாளை காலை எடுக்கலாம்.


அக்டோபர் 11, சனி. விஜயதசமி

சுட்டேன்.

சுட்டேன் சுட்டேன் சுட்டேன். இருபது.

முதலில் இருந்து எழுதுகிறேன். காலை குளித்து, மறு பூஜை செய்து, எடுத்து, புளிச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஓவியா ஓட்டினாள், ஃப்ரீவேயில், முதல் தடவையாக. அவருக்கு எதைப் பார்த்துப் பயப்படுவது என்று குழப்பம்.

பதினாலு பேர். தாடி, சஸ்பென்டர், தொப்பி. ஒவ்வொருத்தர் துப்பாக்கியையும் டானா வாங்கி, முத்திரை படித்து, தோட்டாப் பெட்டியைப் படித்து, அப்புறம்தான் உள்ளே விட்டாள். என்னுடையதில் விரல் நிறுத்தி, "இந்த மஞ்சள் புள்ளி?" என்றாள். என்ன சொல்வது? "இன்ஸ்பெக்‌ஷன் மார்க்" என்றேன். பெட்டியிலும் அதே புள்ளியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "வெரி குட் சிஸ்டம்" என்றாள். பின்னால் இவர் இருமுகிறார்.

படுத்தேன். பாய் விரித்திருந்தார்கள். சல்வாரில் ஒரே மண். முதல் தோட்டா உள்ளே போனது, அடிக்கவே வேண்டாம், தானாக, வெண்ணெயில் கத்தி போல. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி — சுபேதார் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, நான் ஓரத்தில் நின்று கேட்டது.

உலகமே ஒரு தடவை தோளில் இடித்தது. காதுக்கு மூடி போட்டிருந்தும் உடம்பு முழுக்கக் கேட்டது. நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். படுத்தபடி, துப்பாக்கியைப் பிடித்தபடி, வாய்விட்டு. டானா ஓடிவந்து, "ஆர் யூ ஓகே?" தோள் கழலவில்லை, சார். கட்டினவரும் இரண்டடி பின்னால்தான் நிற்கிறார்.

பதினாலு பேரில் ஒன்பதாவது. ஐந்து தாடிக்காரர்கள் எனக்குக் கீழே.

முடிந்ததும் நான் பழக்கத்தில் குனிந்தேன், வெற்றுத் தோட்டா பொறுக்க. "நீ உக்காரு" என்றார். அவரே குனிந்து பொறுக்கி எண்ணினார். பத்தொன்பது. மறுபடி எண்ணினார். ஒன்றைக் காணோம். இங்கே யாரும் எண்ணுவதில்லை, விட்டுவிட்டுப் போகலாம் என்று டானா சொல்லியும் கேட்கவில்லை. "எங்க ஊர்ல ஒண்ணு கொறஞ்சா யாரும் வெளிய போக முடியாதுங்க" என்று அவளிடம் தமிழிலேயே சொன்னார். நான் எப்போதோ சொன்னது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். புல்லெல்லாம் தேடி, கடைசியில் இருபதாவது ஓவியாவின் ஹூடித் தொப்பிக்குள் இருந்தது.

வரும் வழியெல்லாம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.


அக்டோபர் 12, ஞாயிறு

தோளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம். கோயிலில் கலாவதிக்கு ரகசியமாகக் காட்டினேன். "ஐயோ" என்றாள். பிறகு "அடுத்தது எப்போ?" என்றாள்.

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவே ஒன்று. யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் பேராசை என்பார்கள். நான் சுட்டது த்ரீ-நாட்-த்ரீ இல்லை. மதுக்கரையில் கேட்டுக் கிடைக்காதது அது. இது அதன் தங்கை. தங்கை தங்கம்தான், குறை சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.


அக்டோபர் 30, வியாழன்

தீபாவளி. பட்டாசு கிடையாது. "நாந்தான் இருவது வெடிச்சுட்டேனே" என்றேன். அவர் சிரித்தார், காரணமில்லாமல் ரொம்ப நேரம்.


நவம்பர் 22, சனி

காலையில் குக்கர் காஸ்கெட் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர், மதியம் போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றோடு வந்தார்.

"என்னங்க இது?"

"இருநூறு தோட்டா கராஜ்ல சும்மா கெடக்குது. வீணாப் போகலாமா?"

பிரித்தேன். அதே உடம்பு, அதே மூக்கு. இந்த முறை மேகசின் சதுரமாக இல்லை. என் ஞாபகத்தில் இருந்தபடியே இருக்கிறது. என் ஞாபகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, துப்பாக்கிதான் வேறு.

நான் வாயைத் திறக்கும் முன், "மூணு எடத்துலயும் பாத்தாச்சு" என்றார். "டானா கடைக்குப் போயிட்டுத்தான் வந்தேன். கேஜும் போட்டாச்சு. த்ரீ-நாட்-த்ரீ."

தோட்டா வீணாகக்கூடாது என்று துப்பாக்கியே வாங்குகிற மனிதரை எங்கள் ஊரில்கூடப் பார்த்ததில்லை. அதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் சொன்னால் மறுபடி அழுதுவிடுவேன் போலிருந்தது. காஸ்கெட் எங்கே என்று கேட்டேன். மறந்துவிட்டாராம்.

சாமி அறைக்குப் போய்க் குங்குமச் சிமிழை அவரே எடுத்துவந்தார். புதியவளுக்கு எண் பக்கத்தில் குங்குமப் பொட்டு. கராஜுக்குப் போய் "பொருந்தாது" சீட்டைக் கிழித்துவிட்டு, பழைய பொட்டலங்களுக்கும் ஒவ்வொரு குங்குமப் பொட்டு. சந்தனத்துக்குச் சந்தனம், குங்குமத்துக்குக் குங்குமம், கலக்கவே கூடாது என்று ஓவியாவிடம் இரண்டு தடவை ஒப்பிக்கச் சொன்னார். "காட் இட், அப்பா. சந்தனம், சந்தனம். குங்குமம், குங்குமம்." அவள் இத்தனை தமிழ் வார்த்தை ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டதில்லை.

நாளை காலை ஒன்பது மணிக்கு ரேஞ்ச். புதுப் பட்டியல் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. பதினோராவது வரி: "முதல் ரவுண்டு பவளம்." பன்னிரண்டாவது: "வெற்றுத் தோட்டா பொறுக்கி எண்ணுவது — குமாரசாமி."